மல்லிகை ஏன் சாம்பலாகத் தெரிந்தது?

கேமரா வாங்கி ஒன்பது மாதம் ஆகியும் என் படங்கள் கைப்பேசிப் படங்களைவிட ஒரு படி கீழேதான் இருந்தன. யூடியூப் பார்த்து அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் மனப்பாடம். படம் மட்டும் வரவில்லை. சரி, காசு கொடுத்தாவது கற்றுக்கொள்வோம் என்று தனி வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் இடத்தில் மூன்று வகுப்பு, மூன்றிலும் மெனு. எந்தப் பொத்தான் எதற்கு என்பது கேமராவோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. அதைக் கேட்க மணிக்கு 80 வெள்ளி கொடுத்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் எடுத்த ஒரு படத்தைக்கூட அந்த ஆசிரியர் காட்டச் சொல்லவில்லை. முதல் நாளே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆசிரியர் இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர். தொலைபேசியிலேயே, "சரியா வராத படம் இருபது கொண்டு வாங்கம்மா, நல்லா வந்தது வேண்டாம்" என்றார். நீங்களும் ஆசிரியர் தேடினால் முதலில் இதைக் கேளுங்கள்: என் படங்களைப் பார்த்துத் திருத்துவீர்களா? பதிலில் மழுப்பல் இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் கொண்டுபோன இருபதில் ஏழு, தேக்கா வட்டாரத்தில் பஃபலோ சாலைப் பூக்கடையில் எடுத்தவை. மல்லிகைச் சரம் முழுக்கத் திருநீறு பூசியதுபோல் மங்கல். கேமரா கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். கேமராவின் ஒளிமானிக்கு மல்லிகையும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளை என்றால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணித் தானே குறைத்துவிடும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 அல்லது +1.5 வைக்க வேண்டும். கறுப்புக் கோட்டு போட்டவரை நெருங்கி எடுத்தால் நேர்மாறு, கழிக்க வேண்டும். அன்று மாலையே தேக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். அதே கடை, அதே சரம், -2 முதல் +2 வரை ஒவ்வொன்றாக. பூக்கட்டும் அக்கா, "போன வாரமும் இதையேதானே எடுத்த?" என்றார். ஒரு முழம் வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன்.

அடுத்த பாடம் அடுக்குமாடி புளோக்கின் கீழே, வாய்டு டெக் என்கிற திறந்த கீழ்த்தளத்தில். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைகூடத் தள்ளி இல்லை. நண்பகல் வெயில் தலைக்கு மேலே நிற்பதால் யாரை எடுத்தாலும் கண்குழியில் இருட்டு. அவர் என் தங்கையைக் கூரை விளிம்புக்கு ஓரடி உள்ளே, வெளியே பார்க்கும்படி நிறுத்தினார். மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுத்தது. முன்னாலிருந்து வானத்தின் மென்மையான ஒளி முகத்தில் விழுந்தது. பிறகு ஒவ்வோர் அடியாக உள்ளே போகச் சொன்னார். நாலாவது அடியிலேயே முகம் மங்கத் தொடங்கியது. வாடகை இல்லாத ஸ்டூடியோ என்றால் இதுதான். இத்தனை வருடம் அங்கே கல்யாணச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டிருக்கிறேன்!

தீபாவளி விளக்குகளுக்கும் ஒரு குறிப்பு தந்தார். சிராங்கூன் சாலைப் படங்களில் எனக்குப் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியிலிருந்து 1/100 விநாடிக்கு இறக்கி, ஒரு மினுக்கல் முழுதாகப் பதியவிட்டதும் கோடு மறைந்தது. தீபாவளிச் சமயத்தில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்பே இறங்கிவிடும். அதன்பிறகு கால் மணி நேரம் வானம் நீலமாக இருக்கும். அதற்குள் எடுத்துவிடுங்கள், இருட்டிய பின் வானம் வெறும் கறுப்பு.

செலவைப் பற்றி இரண்டு வார்த்தை. திறன் வளர்க்க அரசு தரும் ஸ்கில்ஸ்பியூச்சர் தொகை அங்கீகரித்த பயிற்சிகளுக்குத்தான் செல்லும். என் வகுப்புக்குச் செல்லவில்லை, சேருமுன் பார்த்துக்கொள்ளுங்கள். புது லென்ஸுக்கு முன், கேமராவை ஈரமில்லாமல் வைக்கும் டிரை பாக்ஸ் பெட்டி வாங்குங்கள். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், வாரம் ஒரு வகுப்பு வைக்காதீர்கள். நான் ஆர்வத்தில் அப்படித்தான் தொடங்கினேன். அலுவலக வேலையில் ஒரு வாரம் கேமராவைத் தொடவே இல்லை, வெறுங்கையோடு போய் நின்றேன். பெரியவர் ஒரு கோப்பி கொடுத்து, காசு வாங்காமல் அனுப்பிவைத்தார். அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான்.