22 எலக்ட்ரோடு என்றால் 22 சுருதியா?

காது கேளாதவர்களுக்கு உட்காதின் நத்தை வடிவக் குழலான காக்லியாவுக்குள் எலக்ட்ரோடு (மின்முனை) வரிசையைச் செலுத்தி, நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவிதான் காக்லியர் இம்பிளாண்ட். அதைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "எதில் எலக்ட்ரோடு அதிகம்?" என்றுதான். நியூக்ளியஸ், அட்வான்ஸ்டு பயோனிக்ஸ், மெட்-எல் என்ற மூன்று பிராண்டுகளில் முறையே 22, 16, 12. காக்லியாவில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி; உள்ளே போகப் போகக் கீழ்சுருதி. ஆனால் 22 இருப்பதால் 22 தனித்தனிச் சுருதி கேட்கும் என்று கணக்குப் போட முடியாது. காக்லியாவுக்குள் இருப்பது உப்புத் திரவம்; மின்சாரம் அதில் தாராளமாகப் பரவும். நியூக்ளியஸின் ஒரு வகை நேரான எலக்ட்ரோடு வரிசையில் இடைவெளி 0.75 மி.மீ.தான். 11-இல் விட்ட மின்சாரம் 10-க்கும் 12-க்கும் உரிய நரம்புகளையும் சேர்த்தே எழுப்பிவிடும். மெட்-எல்லின் 31.5 மி.மீ. நீள வரிசையில் இடைவெளி 2.4 மி.மீ.; எண்ணிக்கை குறைவு, பக்கத்தில் கலப்பதும் குறைவு.

எந்த இரண்டு எலக்ட்ரோடு வேறுபட்டுக் கேட்கிறது என்று சோதிக்குமுன் ஒவ்வொரு எலக்ட்ரோடின் இம்பிடன்ஸையும் (மின்தடையை) பாருங்கள். இரண்டு எலக்ட்ரோடு ஷார்ட் ஆகியிருந்தால் இரண்டிலும் ஒரே ஒலிதான் வரும்; அதற்கு நரம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தது சத்தத்தைச் சமன் செய்வது. பலர் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் இது. 8-ஐவிட 9 கொஞ்சம் உரக்கக் கேட்டால் போதும், "வேறு ஒலி" என்று கருவி பொருத்தியவர் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிவிடுவார். சுருதி தெரிந்ததா என்பது மட்டும் தெரியாது. ஆகவே வசதியான அளவில் இரண்டையும் மாறி மாறிக் கேட்க வைத்துச் சமன் செய்து, அதன் பிறகும் ஒவ்வொரு ஒலியின் அளவையும் சிறிது முன்பின்னாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அரை விநாடி நீளத்தில் மூன்று ஒலி கொடுங்கள்: இரண்டு ஒரே எலக்ட்ரோடிலிருந்து, ஒன்று மட்டும் பக்கத்து எலக்ட்ரோடிலிருந்து. எது வேறு? 15 முறை கேட்டால் 5 குருட்டாம்போக்கிலேயே சரியாகிவிடும், அதை மனதில் வையுங்கள். "எது மேல்சுருதி?" என்பது தனிச் சோதனை. முதலாவதில் தேறி இதில் தடுமாறுபவர்கள் உண்டு. ஒன்று கரகரப்பாகவும் மற்றொன்று மங்கலாகவும் கேட்கும், ஆனால் எது மேலே என்று சொல்ல வராது.

விடை தலைகீழாக வந்தால் முதலில் எண்ணைச் சரிபாருங்கள். நியூக்ளியஸில் 22 உள்நுனியில், கீழ்சுருதிக்கு. மற்ற இரண்டிலும் உள்நுனி 1. எண் சரியாக இருந்தும் நுனிப் பக்கத்து எலக்ட்ரோடுகள் மட்டும் தலைகீழாகக் கேட்டால், நுனி உள்ளே மடங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

குழப்பும் எலக்ட்ரோடை அணைத்தால் மேப்பில் (எந்த எலக்ட்ரோடுக்கு எந்த ஒலி, எவ்வளவு மின்சாரம் என்ற அமைப்பில்) அதிர்வெண்கள் மீதமுள்ளவற்றுக்குப் பங்கிடப்படும். புது மேப் பழகச் சில வாரம் ஆகும், அதனால் பழையதையும் காதுக்கு வெளியே அணியும் ப்ராசசரில் இன்னொரு ப்ரோகிராமாக வைத்துக் கொடுங்கள். பேச்சு புரிவதற்கு ஒன்றிரண்டை அணைப்பது பெரிய இழப்பில்லை; இரைச்சலில்கூட சுமார் 8 சானலுக்கு (தனித்தனியாக ஒலியை அனுப்பும் எலக்ட்ரோடுக்கு) மேல் போனாலும் பலருக்குப் பேச்சு புரிவது பெரிதாகக் கூடுவதில்லை.

சங்கீதம் வேறு கதை. இடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 0.75 மி.மீ. என்பது தோராயமாக ஸட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம் வரையிலான தூரம். நடுவில் உள்ள சுத்த ரிஷபத்துக்கென்று அங்கே எலக்ட்ரோடு கிடையாது.