கிரேடு 8 கையோடு ஜெர்மனிக்கு ஜாஸ் படிக்க வர்றவங்களுக்கு

கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ பியானோ கிரேடு 8 (மேற்கத்திய இசைத் தேர்வு) முடித்துவிட்டு இங்கே ஜாஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இடிக்கிறது இடது கைதான். பாக், மொஸார்ட் வாசித்த கை, கார்டுக்கு (சேர்த்து அழுத்தும் சுரங்களுக்கு) பெயர் தருகிற அடிச்சுரத்தைத் தானாகப் போய் அழுத்தும். ஜாஸ் குழுவில் அது கீழ்ச்சுரம் வாசிக்கிற பேஸ்காரர் வேலை. இரண்டு பேரும் அங்கேயே நின்றால் சேறு கலக்கின மாதிரி இருக்கும்.

டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற வரிசையை நடு சி பக்கத்தில் இப்படிப் பிடிங்க. முதலில் எஃப்-ஏ-சி-ஈ. அடுத்து சி மட்டும் அரைச்சுரம் இறங்கி எஃப்-ஏ-பி-ஈ. பிறகு ஈ-ஜி-பி-டி. எந்தக் கார்டிலும் அதன் அடிச்சுரம் இல்லை, பார்த்தீங்களா? 12 ஸ்கேலிலும் இது கை பழகணும். வாரத்துக்கு ஒன்று போதும், அவசரப்பட வேண்டாம்.

இந்த ஊர் வகுப்பில் ஒரு குழப்பம் காத்திருக்கு. நம்ம பி இவங்களுக்கு 'ஹா'. இவங்க 'பே' என்றால் அது பி ஃப்ளாட். முதல் மாதம் எல்லாரும் தப்பா அழுத்துவாங்க.

அடுத்தது நடை. கிளாசிக்கல் விரல் எட்டாம் சுரங்களை (ஒரு அடிக்கு இரண்டு சுரம்) தறி ஓடுற மாதிரி சமமா அடிக்கும். நடுத்தர வேக ஸ்விங்குக்கு (ஜாஸின் ஊஞ்சல் நடைக்கு) கும்மித் தாளத்தின் 'தகிட'வை நினைச்சுக்குங்க: முதல் சுரத்துக்குத் 'தகி', இரண்டாவதுக்கு 'ட'. வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிவிடும், அங்கே இழுத்தால் நொண்டும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, அந்த அடிகளை 2, 4 என்று எண்ணினால் பாட்டின் வேகம் 120. பெடலில் வைத்த காலையும் எடுத்துடுங்க. ஸ்விங்கை அது மொழுக்கிவிடும்.

வீட்டில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழு நாளும் அப்படித்தான். டிஜிட்டல் பியானோவில் ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டை தட்டும் அதிர்வு ஸ்டாண்டு வழியா கீழ் வீட்டுக்கு இறங்கும். ஸ்டாண்டின் காலுக்கடியில் கனமான ரப்பர் பாய் போடாவிட்டால் கதவு தட்டுவாங்க.

விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும் (2024 செப்டம்பர் முதல் இதுதான் கணக்கு). மாணவர் விசாவில் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். ஆனால் கிளப்பில் வாசித்துத் தனியா பில் போடுவது சுயதொழில். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதுக்குத் தனி அனுமதி வாங்காமல் வாசிச்சால் விசா நீட்டிக்கும்போது மாட்டிக்குவீங்க.

கிளப் காசில் வாடகை கட்டுவது கஷ்டமுங்க. பாலே வகுப்புக்கும் பாடகர் குழு ஒத்திகைக்கும் தாளைப் பார்த்ததும் வாசிக்கிற ஆள் தேவைப்படும். கிரேடு தேர்வுக்கு உருண்டு புரண்டு படித்த அந்தப் பழக்கம் ஜாஸ் ஆட்கள் பலரிடம் இருக்காது. அந்த வேலையை முதலில் பிடிங்க.