பழி ஓரிடம், விளம்பரம் ஓரிடம்

விடுகதைகளுக்கென்று நான் ஒரு சின்னஞ்சிறு இணையதளம் வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு விடுகதை, நடுவில் கொஞ்சம் வெற்றிடம், அடியில் விடை, அவ்வளவுதான். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, வருகிறவர்களை எண்ணும் கருவிகூடக் கிடையாது. (எண்ணிப் பார்க்கிற அளவுக்கு யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.) என் நிரந்தர வாசகர் என்று மார்தட்டிக்கொள்ள ஒருவர் உண்டென்றால் அவர் என் பெரியப்பாதான். அவர் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பணக்கஷ்டம் ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சங்கதி வெளியே வந்தது. "காலையில் நெட்டை, நண்பகலில் குட்டை, மாலையில் மறுபடியும் நெட்டை; அவன் யார்?" என்ற விடுகதைக்குக் கீழே, விடை இருக்கவேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, உயரமாக வளர்வதற்கான மாத்திரை ஒன்றின் விளம்பரம் கொட்டை எழுத்தில் நிற்கிறதாம். "விற்பதுதான் விற்கிறாய், அதற்காக ஒரு விடுகதையையே கட்டி விற்கவேண்டுமா?" என்று வருத்தப்பட்டார்.

நான் எந்த விளம்பரமும் போடவில்லை என்று எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. உன் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே நீதான் வைத்தாய் என்றார். நியாயமாகப் பார்த்தால் அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்கே தென்படவில்லை. என் கணினியில் திறந்து பார்த்தேன். விடுகதை இருந்தது, விடை இருந்தது, மாத்திரை இல்லை. வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் தங்கையைப் பார்க்கச் சொன்னேன், அங்கேயும் இல்லை. கடைசியில் பெரியப்பா வீட்டுக்கே போய், அவருடைய கணினியில் அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்தேன். நாற்பத்தொரு வரிகளும் என்னுடையவை; அவற்றின் வாலில், நான் எழுதவே எழுதாத நாற்பத்திரண்டாவது வரி ஒன்று, வேறெங்கிருந்தோ ஒரு ஜாவாஸ்கிரிப்ட்டை (பக்கத்துக்குள் ஓடும் குட்டி நிரலை) இழுத்துக்கொண்டிருந்தது. அவருடைய கணினியை விபிஎன் வழியாக, அதாவது இடையில் யாரும் தொடமுடியாத பூட்டிய குழாய் ஒன்றின் வழியாக, இணைத்துப் பார்த்தபோது அந்த வரி மாயமாக மறைந்தது. ஆக, பக்கங்களை அனுப்பிவைக்கும் என் வழங்கியிலும் குற்றமில்லை, அவர் கணினியிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் இடையில், மாதச் சந்தாவை வாங்கிக்கொண்டு தரவைச் சுமந்துவருகிற இணையச் சேவை நிறுவனம்தான் வழியில் ஒரு வரியைச் செருகிக்கொண்டிருந்தது.

இதில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் தளம், பக்கங்களைப் பூட்டாமல் திறந்தபடியே அனுப்பும், பூட்டுக்குறி இல்லாத பழைய எச்டிடிபியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வங்கிக்குப் பூட்டு வேண்டும், விடுகதைக்கு எதற்குப் பூட்டு, ஒட்டுக்கேட்டு யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று சோம்பேறித்தனத்துக்கு நியாயம் கற்பித்துக்கொண்டு பல ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். பூட்டின் வேலை பிறர் படிக்காமல் காப்பது மட்டுமன்று, பிறர் எழுதாமல் காப்பதும்தான் என்பது உயரம் கூட்டும் மாத்திரை வந்து சொல்லித்தரும்வரை எனக்கு உறைக்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அனுப்பிய பக்கம் அனுப்பியபடியே போய்ச் சேர்ந்ததா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஒரு பக்கத்தை வலையில் வைத்திருந்தார்கள். வந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் சுமார் 1.3 சதவீதத்தினருக்கு அது ஏதோ ஒரு மாற்றத்துடன்தான் கிடைத்தது. பயனர்களே நிறுவிக்கொண்ட விளம்பரத் தடுப்பான்கள் செய்த மாற்றங்களும் அதில் அடக்கம் என்றாலும், சேவை நிறுவனங்கள் செருகிய விளம்பரங்களும் கையும் களவுமாகப் பிடிபட்டன.

பெரியப்பாவின் சார்பில் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். மிகுந்த மரியாதையுடன் பேசிய இளைஞர், முதலில் உலாவியின் குக்கிகளை நீக்கச் சொன்னார்; பிறகு, கணினியில் வைரஸ் இருக்கலாம் என்றார்; அதற்கும் நான் மசியாததால், மோடத்தை அணைத்துவிட்டு, தாம் சொல்லும்வரை போடவேண்டாம் என்றார். அணைத்தேன். "இப்போது அந்த விளம்பரம் வருகிறதா?" என்று கேட்டார். "இப்போது இணையமே வரவில்லை" என்றேன். "விளம்பரம் வரவில்லைதானே?" என்றார். வரவில்லைதான் என்று நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். புகார் தீர்க்கப்பட்டது என்று பெரியப்பாவின் கைப்பேசிக்கு அடுத்த நிமிடமே குறுஞ்செய்தி வந்தது. அந்த வேகத்தில் ஒரு பக்கத்தையாவது அவர்கள் திறந்துகாட்டினால் நான் அவர்களை மன்னித்துவிடுவேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதே இன்னொன்றும் தெரியவந்தது. பெரியப்பா தட்டச்சு செய்தால் ஒரு முகவரியில் ஓர் எழுத்தாவது பிசகும். பிசகினால், தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித்தருகிற டிஎன்எஸ், அப்படி ஒரு பெயரே இல்லை என்று கையை விரித்துவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் அவருடைய இணைப்பில், இல்லாத ஊருக்கும் வழி சொல்கிறார்கள்! "நீங்கள் தேடியது இதுவா?" என்று ஒரு பக்கம் வந்து, விளம்பரங்களை வரிசையாகப் பரப்புகிறது. என் தளத்தின் பெயரை அவர் தப்பாக அடித்தபோதெல்லாம் அந்தக் கடைவிரிப்பையும் என் படைப்பென்றே எண்ணிக்கொண்டிருந்தாராம். "விடுகதை சிலநாள்தான் வருகிறது, மற்ற நாளெல்லாம் கடைதான் வருகிறது" என்றார்.

இந்த உத்தி புதிதன்று. டாட் காம், டாட் நெட் முகவரிகளின் பதிவேட்டை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், 2003 செப்டம்பர் 15 அன்று, அந்த இரண்டு வகையிலும் பதிவாகாத எல்லாப் பெயர்களையும் தன்னுடைய தேடல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. உலகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு கண்டிப்புடன் கடிதம் எழுதியபிறகு, அக்டோபர் 4ஆம் தேதி அதை நிறுத்தியது. சேவை நிறுவனங்கள் அதையே தத்தம் எல்லைக்குள் செய்யப் பழகிக்கொண்டன. அதைக் கண்டுபிடிப்பதற்காகவே குரோம் உலாவி, தொடங்கும்போது அர்த்தமற்ற எழுத்துகளைச் சேர்த்து மூன்று பெயர்களைக் கட்டி, இவை எங்கே இருக்கின்றன என்று அந்நாட்களில் விசாரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறக்காத பிள்ளைக்கும் ஒருவர் முகவரி சொன்னால் அவர் பேச்சை நம்பவேண்டியதில்லை அல்லவா? இந்தச் சந்தேகப் பிராணியின் விசாரிப்பு எவ்வளவு பெருகியதென்றால், 2020இல் கணக்குப் பார்த்தபோது, டிஎன்எஸின் உச்சியில் இருக்கும் வேர் வழங்கிகளுக்கு வந்த கேள்விகளில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்ட பிதற்றல் பெயர்களாகவே இருந்தன.

சரி, டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்து, வேறொரு பொது டிஎன்எஸ் சேவையின் எண்ணை மோடத்தில் பதிந்தேன். கடை மறுபடியும் விரிந்தது. டிஎன்எஸ் கேள்விகள் மூடாத அஞ்சலட்டைபோலப் போகிறவை. யார் பெயருக்கு எழுதினாலும் இடையிலேயே மடக்கி, அவர் பெயரில் இவர்களே பதில் எழுதிவிட முடியும். அந்தக் கேள்விகளையும் பூட்டி அனுப்புகிற முறையை உலாவியில் இயக்கியபிறகுதான், பிசகிய முகவரிக்கு "அப்படி ஒன்று இல்லை" என்ற நேர்மையான பதில் வந்தது. இந்த முறையைக் கொண்டுவர முனைந்ததற்காகத்தான் 2019இல் பிரித்தானிய இணையச் சேவை வழங்குநர் சங்கம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவை அந்த ஆண்டின் "இணைய வில்லன்" பட்டத்துக்குப் பரிந்துரைத்தது. ஊரே சிரித்ததும் பரிந்துரையை மட்டுமல்லாமல் அந்த ஆண்டின் வில்லன் பிரிவையே எடுத்துவிட்டது. என்ன பூட்டினாலும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை அவர்கள் பெரும்பாலும் ஊகித்துவிடலாம் என்பதையும் மறப்பதற்கில்லை. பெரியப்பா விடுகதை படிக்கிறார் என்று தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகவே சான்றிதழ் வழங்கிக்கொண்டிருக்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டிடம் ஒன்று வாங்கித் தளத்தைப் பூட்டோடு கூடிய எச்டிடிபிஎஸுக்கு மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்ட வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பெரியப்பா அழைத்தார். இந்தமுறை குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த மாத்திரை எங்கே?"

"எடுத்தாகிவிட்டது, பெரியப்பா. இனி வராது."

"யாரைக் கேட்டு எடுத்தாய்? பேரனுக்கு வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் நிழல் என்று மொட்டையாகப் போட்டிருக்கிறாய். அது எந்த மருந்துக்கடையில் கிடைக்கும்?"