கேலாங்கில் கூரைப் பனி தள்ளிய கதை

"ஏப்ரல் பாதியில பனி எங்க சார் இருக்கும்? ஒரு ஸ்வெட்டர் போதும்" என்றார் மணாலியில் வண்டி ஏற்பாடு செய்த ஏஜென்ட். நானும் நம்பி, கனமான ஜாக்கெட்டை விடுதியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். கேலாங்கில் ஒரே ஒரு ராத்திரிதானே, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

மூன்று ராத்திரி ஆனது.

மணாலியிலிருந்து கேலாங் இப்போது 70 கிலோமீட்டர் சொச்சம்தான். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை 3,978 மீட்டர் உயர ரோஹ்தாங் கணவாயை ஏறி இறங்கித்தான் கேலாங் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக முடியும். குளிர்காலத்தில் கணவாய் மூடினால் ஆறு மாதம் போல அந்தப் பள்ளத்தாக்கு தனித் தீவு. இன்று 9 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்து, ஒரு தூக்கம் கலைவதற்குள் மறுபக்கம் வந்துவிடுகிறோம். குல்லுப் பக்கத்துத் தேவதாரு மரங்கள் எல்லாம் போய் மொட்டை மலைகள். சிசு, கோந்த்லா, அப்புறம் தாண்டி. சந்திராவும் பாகாவும் தாண்டியில்தான் சேர்கின்றன; கீழே போய் செனாப் என்று பேர் வாங்குவது அந்த ஆறுதான். பாகாவை ஒட்டி இன்னும் கொஞ்ச தூரம் ஏறினால் கேலாங்.

நான் தங்கிய வீட்டின் முற்றத்தில் வீட்டுக்காரர் விறகு அடுக்கின் மேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார். வானம் சாம்பல் நிறம், காற்றே இல்லை. "மழை வருமா அண்ணா?" என்றேன். மேலே பார்க்காமலே "பர்ஃப்" என்றார். இந்தியில் பனி.

ராத்திரி எட்டு மணிக்கு மின்சாரம் போனது. அறை நடுவில் அவர்கள் தந்தூர் என்று சொல்லும் இரும்பு அடுப்பு. ரொட்டி சுடும் தந்தூர் இல்லை இது. நாலு காலில் நிற்கும் பெட்டி, அதிலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் தகரக் குழாய். அதைச் சுற்றித்தான் மொத்தக் குடும்பமும். வெளியே ஒரு சத்தமும் கிடையாது. நம் ஊரில் மழை வந்தால் ஓடு சொல்லும், வாழை இலை சொல்லும். பனி எதுவும் சொல்வதில்லை. விழுந்துகொண்டே இருக்கிறது என்பதே நடுராத்திரி ஒன்றுக்குப் போகக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. படியைக் காணோம்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். தமிழில் பனி என்றால் எல்லாமே பனிதான். மஃப்ளர் கட்டிக்கொண்டு பயப்படும் மார்கழிப் பனி, புல் நுனியில் நிற்பது, ஊட்டிக்காரர்கள் சொல்லும் உறைபனி, கடைசியில் இதுவும். அம்மாவுக்கு போன் செய்து "இங்க ரொம்பப் பனி" என்றபோது "தலைக்கு ஏதாவது கட்டிக்கோ" என்றார். முழங்காலுக்கு மேல் நிற்கிறது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

காலையில் நான் கேட்ட முதல் கேள்வி, "ரோடு எப்போ திறக்கும்?" வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. கையில் பனி வாரும் பேல்சா ஒன்றைக் கொடுத்து ஏணியைக் காட்டினார். தோசைத் திருப்பியை ஆள் உயரத்துக்கு வளர்த்தது மாதிரி, முழுக்க மரம். இரும்பு எதற்கு இல்லை என்பது மேலே போனதும் புரிந்தது.

அந்த ஊரில் புது வீடுகளுக்குக் கான்கிரீட் தளமும் சரிவான தகரமும் வந்துவிட்டன. இது பழைய வீடு. மர உத்திரம், குறுக்கே கம்புகள், மேலே வில்லோ சுள்ளிகள், அதற்கும் மேல் மிதித்துக் கெட்டியாக்கிய மண். நம் பழைய மச்சு வீடுகளின் சித்தப்பா பிள்ளை. பருவமழையை பீர் பஞ்சால் மலைத்தொடரே வாங்கிக்கொண்டு விடுவதால் இங்கே மழை குறைவு, தட்டையான மண் கூரை தாங்கும். ஆனால் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வரும் மேகங்கள் குளிர்காலம் முழுக்கப் பனியைக் கொட்டும். வானிலைக்காரர்கள் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்பது அதைத்தான். சில வருஷம் அதற்குப் போக மனசு வராமல் ஏப்ரல் தாண்டியும் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும்.

அந்தக் கடைசிச் சுற்றுதான் ஆபத்து என்றார் வீட்டுக்காரர். ஜனவரிப் பனி பஞ்சு. ஒரு கன மீட்டர் நூறு கிலோகூட இருக்காது. ஏப்ரலில் விழுவது ஈரப்பனி. அதே கன மீட்டர் 200 கிலோ, 300 கிலோ என்று போகும். கூரையை என் காலடியால் அளந்தேன்: சுமார் பத்துக்கு எட்டு மீட்டர், பனி இரண்டடி. மனக்கணக்கில் பத்து டன் வந்தது. கோயில் யானை மூன்று கூரைமேல் படுத்திருக்கின்றன, கீழே வீட்டுப் பாட்டி டீ போட்டுக்கொண்டிருக்கிறார்.

தள்ளுவதற்கும் முறை இருக்கிறது. நான் போனதும் குனிந்து வாரி வாரி வீசினேன், கால் மணி நேரத்தில் மூச்சு முட்டியது. 3,000 மீட்டருக்கு மேலே நுரையீரலுக்குச் சம்பளம் குறைவுதான். வீட்டுக்காரரின் மகள், பன்னிரண்டாவது படிக்கிற பெண், சிரித்துக்கொண்டே வந்து காட்டினாள். பேல்சாவைச் செங்குத்தாக இறக்கி மூன்று பக்கம் வெட்டு. தட்டில் பர்ஃபிக்கு வில்லை போடுவது போல. (இந்தியில் பனிக்கும் இந்த இனிப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே பேர் என்பது அப்புறம்தான் உறைத்தது.) அடியில் நுழைத்தால் கட்டி முழுசாக வரும். தூக்கக் கூடாது, வழுக்கிக்கொண்டே விளிம்புக்குக் கொண்டுபோய் ஒரு உந்து. தள்ளுவதற்கு முன் கீழே ஆள் இருக்கிறதா என்று ஒரு குரல். முக்கியமாக, மண் தெரியும்வரை சுரண்டக் கூடாது. இரண்டு விரல்கடை பனியை விட்டுவைக்க வேண்டும். மண்ணைப் பெயர்த்துவிட்டால் வெயில் வந்ததும் அந்த இடத்தில்தான் ஒழுகும். மரப் பேல்சா அதற்குத்தான்.

இன்னொரு சட்டமும் உண்டு. கூரைப் பனியை எந்தப் பக்கமும் தள்ளிவிட முடியாது. வடக்குப் பக்கம் அடுத்த வீட்டு நடை. அங்கே ஒரு கட்டி விழுந்தாலும் அந்த வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். நான் ஒன்று தள்ளினேன். பார்த்தார்.

கூரை முடிந்ததும் ரோடு என்று நினைத்திருந்தேன். இல்லை. அடுத்து தொழுவத்துக்குப் போகும் வழி, ஒரு ஆள் அகலம். அதற்கப்புறம் குழாயடி, ராத்திரி முழுக்க மெல்லிசாகத் திறந்துவிட்டிருந்தார்கள், இல்லையென்றால் உறைந்துவிடுமாம். பிறகு தனியாக இருக்கும் ஒரு கிழவியின் வாசல். ஐந்து வீட்டு ஆட்கள் போய் அரை மணியில் முடித்தோம். அந்தக் கிழவி எல்லோர் கையிலும் உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரைத் திணித்தார். முதல் வாய்க்கு ரசம் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துவிடும். டீ என்று நினைத்தால் போச்சு. ரோடு அவர்கள் பட்டியலில் எங்கேயோ கடைசியில் இருந்தது. அவசரம் எனக்கு மட்டும்தான்.

ரோட்டுக்காரர்கள் இரண்டாம் நாள் வந்தார்கள். எல்லைச் சாலை அமைப்பு, எல்லோரும் பிஆர்ஓ என்கிறார்கள். முதலில் வந்தது டோசர், பின்னால் ஜேசிபி. இன்ஸ்டாகிராமில் பார்த்த ஸ்னோ கட்டர், பனியை உறிஞ்சி வானவில் மாதிரி பீய்ச்சுமே, அது வரவில்லையா என்று கேட்டேன். டீக்கு நின்ற ஒரு தொழிலாளி விளக்கினார். தானாக விழுந்த பனிக்குத்தான் அது லாயக்கு. கீழே ஓடையருகே ரோட்டை மூடியிருப்பது சரிந்து வந்த பனி. அதற்குள் பாறை, முறிந்த மரம் எல்லாம் இருக்கும்; கட்டரின் பற்கள் போய்விடும். தவிர, சரிந்த பனி நின்ற கொஞ்ச நேரத்தில் சிமெண்டு மாதிரி இறுகிவிடுமாம். நடந்துபோய்ப் பார்த்தேன். டோசர் முட்டியபோது வந்த சத்தம் கல் உடைக்கும் சத்தம்தான். ஒருவர் வேலை செய்யவே இல்லை. மலைக்கு முகம் காட்டி, வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். மேலே அசைந்தால் ஊதுவது மட்டும்தான் அவர் வேலை.

மூன்றாம் நாள் வெயில். கண் கூசியது, மூக்குத் தோல் உரிந்தது. வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு கூடையைக் காட்டினார். தந்தூர்ச் சாம்பலும் காய்ந்த மண்ணும். வீட்டுக்குக் கீழே இருக்கிற வயலில் பனிமேல் அதை வீசிக்கொண்டே நடக்க வேண்டும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்புப் பட்ட இடம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கரையும். பட்டாணி விதைக்கும் நேரம், நிலம் வெளியே வந்தாக வேண்டும். பனியே வேண்டாம் என்றால் அதுவும் ஆகாது. வயலுக்குத் தண்ணீர் அதுதான். பாட்டி கோலமாவு தூவுகிற மாதிரி விரலிடுக்கில் ஒரே சீராக விட்டுக்கொண்டே போனார். என்னுடையது திட்டுத் திட்டாக விழுந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளப்பிவிட்டார்கள். வெயில் ஏறினால் சரிவுகள் இளகும், அதற்கு முன் ஓடைகளைத் தாண்டிவிட வேண்டும். பணம் கொடுத்தபோது வீட்டுக்காரர் ஒரு ராத்திரிக்கானதைத் திருப்பிக் கொடுத்தார். கூரைக் கூலி என்றார். சங்கிலி கட்டிய வண்டி ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் டோசர் வெட்டிய சுவர், உள்ளே கிளைகள் நீட்டிக்கொண்டு. திரும்பிப் பார்த்தபோது வயல் தெரிந்தது. பாட்டியின் பக்கம் பழுப்பு மண் தெரியத் தொடங்கியிருந்தது. என் பக்கம் சிறுத்தைத் தோல்.

சுரங்கத்தைத் தாண்டியதும் மழை. போன் உயிர் வந்து வரிசையாக மெசேஜ். "ஸ்னோல செம என்ஜாயா?" என்று ஆபீஸ் குரூப்பில் கேட்டிருந்தார்கள். பதில் தட்டப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை.