கோலம் போடுற அக்காவுக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்கா?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் காலை ஐந்தரை மணிக்கு ஓட ஆரம்பிக்கலாம் என்று புது ஷூ போட்டுக்கொண்டு ஒருத்தர் வாசலுக்கு வந்தால், அது அவருடைய சொந்த விஷயமாக இருக்காது. தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்டவர்கள், பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள், படியில் குந்திப் பல் தேய்க்கிற பெரியவர், கோலமாவு டப்பாவோடு நிற்கிற அக்கா என்று ஒரு கமிட்டியே கூடியிருக்கும். "இன்னா நைனா, பஸ்ஸு பூட்ச்சா?" என்று முதல் குரல் வரும். "கடன்காரன் யாருனா தொரத்துறானா?" என்று அடுத்தது. நம்ம ஆளுக்கு ரோஷம் வந்துவிடும்.

நெஞ்சை நிமிர்த்தி, காலை எட்டி எட்டி வைத்து, தெருமுனை வரைக்கும் பறப்பார். கமிட்டியின் பார்வை முனையோடு முடிகிறது. திரும்பியதும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார். விலாவுக்குக் கீழே குத்தும், இதயம் காதில் அடிக்கும். "நமக்கெல்லாம் ஸ்டாமினா இல்லப்பா" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்கு நடப்பார். ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

ஸ்டாமினாவின் மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் ஓடியது கமிட்டிக்கான வேகம். அந்த வேகத்தில் தசை கேட்கிற ஆக்சிஜனை இதயத்தாலும் நுரையீரலாலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது, ஓரிரு நிமிடத்தில் மூச்சு முட்டும். ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடுகிறவர்களே எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுகிறார்கள். கோட்டுக்கு அப்புறம் அவர்களுக்கு வேலை இல்லை, நமக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

சரியான வேகம் எது என்பதைக் கண்டுபிடிக்க வாட்ச் வேண்டாம், அதே கோலம் போடுற அக்கா போதும். "எங்கப்பா கெளம்பிட்ட?" என்று அவர் கேட்டால், "சும்மா பார்க் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துர்றேன்க்கா" என்று ஓடிக்கொண்டே, நடுவில் மூச்சு வாங்காமல், முழுசாகச் சொல்ல முடிய வேண்டும். "பார்க்... க்கா" என்று மட்டும் வந்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் லேசாகக் கூட்டலாம். ஆரம்பத்தில் இந்த வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடமாகவோ 9 நிமிடமாகவோ இருக்கும். திருவொற்றியூர்த் தேர் நகர்கிற மாதிரி ஓடுகிறோமே என்று கூச்சமாக இருக்கும். கைவீசி நடக்கிற ரிட்டயர்டு மாமா ஒருவர் உங்களைத் தாண்டிப் போவார், திரும்பி ஒரு பார்வை வேறு பார்ப்பார். பார்க்கட்டும். ஓட்டத்தை விடுகிறவர்களில் பலர் இந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் வேகம் கூட்டுகிறார்கள், அப்புறம் மூச்சு முட்டி விடுகிறார்கள்.

முதல் சில வாரங்கள் நிற்காமல் ஓடவே தேவையில்லை, நடந்து நடந்து ஓடினால் போதும். 5 நிமிடம் வேக நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. கடைசியில் 5 நிமிடம் மெதுவான நடை. மொத்தம் 34 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் கறி எடுக்கிற நாள்கூட உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். இரண்டு வாரம் கழித்து 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை. ஐந்தாவது வாரத்தில் 3 நிமிட ஓட்டத்துக்கு 1 நிமிட நடை, ஏழாவதில் 5-க்கு 1. பத்துப் பன்னிரண்டு வாரத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓடுகிற நிலை பலருக்கும் வந்துவிடும். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு தடவை செய்யலாம், யாரும் ஃபெயில் போட மாட்டார்கள்.

நடக்கிற முறை வரும்போது கண்டிப்பாக நடக்க வேண்டும். டீக்கடை வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள் என்பதற்காக அந்த இடத்தைத் தாண்டுகிறவரை ஓடுவது நம்ம ஊரில் பரவலான வியாதி. கடைக்குக் கடை ஓடினால் கணக்கு கெட்டுவிடும்.

மூன்று நான்கு வாரத்தில் மூச்சு பழகிவிடும். ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடுகின்றன. எலும்பும் தசைநாரும் அடிக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "இன்னும் போலாம்" என்கிறது, கால் தயாராக இல்லை. "நேத்து 3 கிலோமீட்டர், இன்னிக்கு 6 அடிச்சுட்டேன் மச்சி" என்று ஸ்டேட்டஸ் போட்டவர் அடுத்த வாரம் நொண்டுவது இதனால்தான். முன்னங்காலில், முட்டிக்குக் கீழே எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவினால், தாங்கும் அளவுக்கு மேல் ஓடியிருக்கிறீர்கள். ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடையோடு இருந்துவிட்டு, பழைய அளவில் பாதியில் ஆரம்பிக்கலாம். வலி பரவாமல் ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் துடிக்கிற மாதிரி இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அங்கே தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு டாக்டரிடம் போவது நல்லது.

இந்த வலி வராமல் இருக்க முன்கூட்டியே ஒரு வேலை செய்யலாம். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணுகிறவரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். 15 தடவை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். கெண்டைக்கால் கெட்டிப்படும். மாடியில் துணி காயப்போட வருகிறவர் "படியில இன்னாபா எக்கி எக்கிப் பாக்குற?" என்பார், அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

காலை எட்டி வைப்பதும் ரோஷ ஓட்டத்தின் மிச்சம்தான். உடம்புக்கு முன்னால் தூரத்தில் குதிகால் விழுந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக், அந்த அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். சின்னச் சின்ன அடியாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுகிற மாதிரி வையுங்கள். தொப் தொப் என்று சத்தம் கேட்டால் அடி நீளம் என்று அர்த்தம்.

ஷூ விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பேட்மிண்டன் ஷூ பக்கவாட்டில் தாவுவதற்காகச் செய்தது, தம்பியின் ஸ்கூல் கேன்வாஸ் அசெம்பிளியில் நிற்பதற்காகச் செய்தது. பெரிய கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து மட்டும் கூடுதலாக இருக்கிற 600 ரூபாய் ஷூவில் அடிப்பாகம் ஒரே மாதத்தில் சப்பையாகிவிடும். ஆரம்பநிலை ரன்னிங் ஷூ 2,500-லிருந்து 4,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். கையில் எடுத்து மடக்கினால் விரல் ஆரம்பிக்கிற இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் கீழே வைத்துவிடுங்கள். குதிகால் வழுக்கினால், கணுக்கால் பக்கம் சும்மா கிடக்கிற கடைசி ஓட்டையிலும் லேஸை ஏற்றி இறுக்குங்கள், அந்த ஓட்டை அதற்காகத்தான். ஒரு ஜோடி சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும்.

எங்கே ஓடுவது? எண்ணூர் விரைவுச் சாலையை மறந்துவிடுங்கள். ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிக்காரருக்கு உயரத்திலிருந்து நீங்கள் தெரியமாட்டீர்கள், புழுதி வேறு. ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது, 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த அதே இடம். பெரம்பூர்க்காரர்களுக்கு மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்கா. பூங்காவில் ஒரே பக்கமாகச் சுற்றினால் ஒரு காலுக்கு மட்டும் வேலை அதிகமாகும், பாதியில் திசையை மாற்றுங்கள். எதிரே வருகிற நடைக்கூட்டம் முறைக்கும், ஓரமாகப் போனால் சரியாகிவிடும். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மரநிழல் சாலைகள் இன்னும் சௌகரியம். காசிமேட்டு மீன் ஏலத்தின் வழியாக ஓடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐஸ் தண்ணியும் மீன் செதிலும் கலந்த தரையில் எந்த ஷூவும் நிற்காது.

தெருவிலேயே ஓடுவதாக இருந்தால், வண்டி எதிரே வருகிற பக்கமாக ஓடுங்கள், வருவது கண்ணுக்குத் தெரியும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிவாகப் போட்டிருப்பார்கள், அந்தச் சரிவிலேயே ஓடினால் ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும். வண்டி இல்லாத சின்னத் தெருவில் நடுவில் ஓடலாம். மழைக்காலத்தில் தேங்கின தண்ணிக்குள் கால் வைக்கவே வேண்டாம், அடியில் மூடி இருக்கிறதா என்பது கார்ப்பரேஷனுக்கே தெரியாது. மணலி, எண்ணூர் பக்கமிருந்து கேஸ் வாடை வீசுகிற காலையிலும், போகிப் புகை தெருவை மூடுகிற காலையிலும் வீட்டுக்குள் படி ஏறி இறங்கினால் போதும்.

நாய் கட்டாயம் வரும். ஓடுகிறதைத் துரத்துவது அதன் பழக்கம், அதனால் முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகு காட்டாமல், மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். தெரு நாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுகிற பெரியவர் ஒருவர் எங்கேயும் இருப்பார், அவரோடு சிநேகம் வைத்துக்கொள்வது எந்த டெக்னிக்கையும் விட மேல். கடித்துவிட்டால், கீறல் மாதிரி இருந்தாலும், குழாய்த் தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

நம்ம ஊர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், இங்கே ஆவியாக இடமில்லாமல் அப்படியே வழிகிறது. அதனால் பெங்களூர் மச்சான் சொல்கிற டைமிங்கோடு உங்கள் டைமிங்கை ஒப்பிடாதீர்கள். ஜூனில் 5.45-க்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகும், வெளிர் நிற சட்டை போடுங்கள். அரை மணி நேர ஓட்டத்துக்குக் கலர் கலரான எனர்ஜி பானம் தேவையில்லை. கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணி, வந்ததும் உப்புப் போட்ட மோர் போதும். எவ்வளவு வியர்த்தது என்று தெரிய வேண்டுமானால் முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதைக் கொழுப்பு கரைந்ததாக நினைத்து வடகறியோடு கொண்டாடுகிறவர்கள் நிறைய. வடகறி தப்பில்லை, ஆனால் ஓடிவிட்டு வந்து சாப்பிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் விலாவில் பிடிக்கும். பிடித்தால் நடைக்கு மாறி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, வலிக்கிற இடத்தைக் கையால் அழுத்துங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் விடும். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம்.

பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, அக்குளையும் மார்பையும் உரசிப் புண்ணாக்கும். குளிக்கும்போது முதல் சொம்புத் தண்ணி பட்டதும் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டீஷர்ட் நல்லது. தொடை உரசுகிறவர்கள் கிளம்பும் முன் வாஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும், தேங்காய் எண்ணெயும் சரிதான்.

நாற்பதைத் தாண்டினவர்கள், பிரஷர், சுகர் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையில் வலியோ, கண் இருட்டலோ வந்தால் "கேஸா இருக்கும்" என்று சோடா குடிக்க ஒதுங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஷூ நனைந்தால் வாஷிங் மெஷினில் போடாதீர்கள், ஒட்டியிருக்கிற பசை விட்டுவிடும். உச்சி வெயிலில் மொட்டை மாடியிலும் வேண்டாம், அடி நுரை இறுகிவிடும். உள்ளே இருக்கிற அட்டையை உருவி, லேஸைத் தளர்த்தி, பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து ஃபேன் கீழே வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேப்பரை மாற்றுங்கள். ராத்திரிக்குள் காய்ந்துவிடும். திணிக்கும் முன் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைய பேப்பராக இருந்து, அப்பா இன்னும் ராசிபலன் பார்க்காமல் இருந்தால், மறுபடி ஈரமாகவே எடுத்து விரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.