65,536 கோலங்களும் ஒரு வாசலும்

கார்த்திகை கடைசி நாளன்று வாசலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கோலத்தைப் பிய்த்தெடுத்தேன். கோயம்புத்தூரில் இந்த ஃபிளாட்டுக்கு வந்து பதினோரு வருஷம். ஒன்று கிழிந்தால் இன்னொன்று என்று அந்த இடத்தில் எப்போதும் ஏதாவதொரு ஸ்டிக்கர் இருந்திருக்கிறது. பசை டைல்ஸை விட்டு வர மறுத்தது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தேன்.

இதற்கெல்லாம் காரணம் என் அண்ணன் மகன். பத்தாவது படிக்கிறான். தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தான்: வாசல், அகல் விளக்குகள், நடுவில் பெரிய சிக்குக் கோலம். நாலு வரி எழுதிக் கொடுத்ததும் கம்ப்யூட்டரே வரைந்து தந்ததாம். தூரத்திலிருந்து பார்க்க அழகு. கிட்டே வைத்துப் பார்த்தால் கம்பிகள் பாதியில் காணாமல் போயிருந்தன. சில புள்ளிகள் கம்பிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தன. அதைச் சொன்னேன்.

"அடுத்த வருஷம் அதையும் சரியாப் போட்டுடும் அத்தை. நல்லா இருந்தா போதாதா, யார் செஞ்சா என்ன?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இருப்பது போலத்தான் இருந்தது, வாய்க்கு வரவில்லை. கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது என் பிழைப்பு. கோலம் எட்டாவது படித்தபோது அம்மாவோடு வாசலில் உட்கார்ந்ததோடு விட்டுப்போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். மார்கழி முழுக்க தினமும் கையால் ஒரு சிக்குக் கோலம். கூடவே, தானாகக் கோலம் உண்டாக்கும் ஒரு நிரல்.

மார்கழி 1

நாலே புள்ளி, இரண்டுக்கு இரண்டு. அதற்கே இருபது நிமிடம் ஆனது. கோலப்பொடி உலர்ந்த டைல்ஸில் நிற்காமல் வழுக்கி ஓடியது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் இழுத்தால்தான் பிடிக்கிறது.

கம்பி இழுப்பதில் விஷயமெல்லாம் கட்டைவிரலில் இருக்கிறது. பொடியை ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஏந்தி, கட்டைவிரலால் மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நகரும் வேகமும் பொடி விழும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். கை முந்தினால் கம்பி அறுகிறது, விரல் முந்தினால் கொட்டிவிடுகிறது. வளைவில் மணிக்கட்டு திரும்பும்போது விரல் உருட்டுவதை மறந்துவிடுகிறது. என் கோலத்தின் நான்கு வளைவுகளிலும் கம்பி அறுந்திருந்தது.

மார்கழி 4

நிரல் தயார், பைதானில். விதி எளிமையானது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவில் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். அல்லது வெட்டாமல் தன் தன் புள்ளியையே சுற்றித் திரும்பிவிடலாம். (வெட்டாமல் இரண்டு கம்பியும் இணையாக ஓடி, இரண்டு புள்ளிகளைச் சேர்த்துக் கட்டுகிற வகையும் உண்டு. இப்போதைக்கு அதைச் சேர்க்கவில்லை.)

இரண்டுக்கு இரண்டு புள்ளியில் இப்படி நான்கு இடைவெளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி என்றால் மொத்தம் 16 கோலம். அதில் ஒரே கம்பியில் நாலு புள்ளியையும் சுற்றி வந்து முடிபவை நான்குதான்.

அடுத்து 1, 3, 5, 3, 1 என்று பதின்மூன்று புள்ளி வைத்தேன். இடைவெளிகள் 16. கோலங்கள் 65,536. அத்தனையையும் லேப்டாப் போட்டு முடித்தபோது அடுப்பில் வைத்த டீ கொதித்திருக்கவில்லை.

மார்கழி 5

65,536-இல் குலுக்கல் முறையில் நாற்பதை எடுத்துத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். முதல் பத்து ஆச்சரியமாக இருந்தது. இருபதுக்கு மேல் கண் எதிலும் நிற்கவில்லை. எல்லாமே சரியான கோலங்கள்தான். கம்பி எங்கேயும் மறையவில்லை, புள்ளி எதுவும் தப்பவில்லை. மருமகன் சொன்ன "அடுத்த வருஷம்" இங்கே வந்தே விட்டது. இருந்தும் நாளைக்கு வாசலில் இதைப் போடலாம் என்று ஒன்றைக்கூட எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

அதனால் சல்லடை வைத்தேன். நாலு பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றதும் 65,536 பதினாறாகச் சுருங்கியது. ஒரே கம்பியாகவும் இருக்க வேண்டும் என்றேன். இரண்டு மிஞ்சின.

அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். நடுப்புள்ளியிலிருந்து நாலு கை புறப்பட்டு, ஒன்றில் வலப்பக்கமாகவும் மற்றதில் இடப்பக்கமாகவும் சுழல்கின்றன, காற்றாடி போல. எல்லா இடத்திலும் கம்பியை வெட்டவிட்டால்தான் ஒற்றைக் கம்பி வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் இந்தப் புள்ளிக்கு மூன்று தனித்தனிக் கம்பிகள் வருகின்றன. சதுரமாகவோ செவ்வகமாகவோ புள்ளி வைத்து எல்லா இடத்திலும் வெட்டவிட்டால் எத்தனை கம்பி என்பதற்குக் கணக்கே இருக்கிறது: இரண்டு பக்கத்துப் புள்ளி எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. மூன்றுக்கு நான்கு வைத்தால் ஒரே கம்பி, நான்குக்கு நான்கு வைத்தால் நாலு கம்பி. இதைக் கையால் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. 65,536-ஐ இரண்டாக்கியது நிரல் இல்லை. நாலு பக்கமும் ஒன்றாக வேண்டும், ஒற்றைக் கம்பி வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் வாசலில் நான் பார்த்து வளர்ந்த ஆசைகள். நிரலுக்கு எல்லாக் கோலமும் ஒன்றுதான்.

மார்கழி 8

வேலை நெருக்கடி. ஐந்து புள்ளியில் சின்னதாக ஒன்று போட்டேன். வளைவில் இரண்டு இடத்தில் மட்டும் அறுந்தது.

ராத்திரி கொஞ்சம் படித்தேன். கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதும் முயற்சி ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் 1974-லேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்களிடம் சோனா என்று ஒன்று இருக்கிறது. நம் சிக்குக் கோலத்துக்கு உடன்பிறந்தது போல அதிலும் புள்ளியும் அதைச் சுற்றி ஓடும் கம்பியும்தான். அதை மணலில் விரலால் இழுத்துக்கொண்டே கதை சொல்வார்களாம். விரல் எங்கே புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்பதும் கதையில் சேர்த்தி.

மார்கழி 9

இன்று வேண்டுமென்றே நிரல் குலுக்கி எடுத்த ஒன்றைப் போட்டேன். அதே பதின்மூன்று புள்ளி. ஒற்றைக் கம்பிதான், ஆனால் கோணலானது. தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து அப்படியே இழுத்தேன்.

எங்கள் கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா கீழ்வாசலில் தினமும் கோலம் போடுபவர். மாடிப்படி கூட்ட வந்தவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதைய எங்கிருந்துங்க ஆரம்பிச்சீங்க?"

எனக்கு நினைவே இல்லை. தாளில் எங்கே விரல் வைத்தேனோ அங்கே ஆரம்பித்திருப்பேன். அக்கா குனிந்து கம்பியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். "இங்க கை நின்னிருக்குது. இங்க தாளைப் பார்த்திருக்கீங்க. இங்க மறுபடியும் நின்னிருக்குது. நேத்து போட்டது சின்னதா இருந்தாலும் ஓட்டமா இருந்துச்சுங்க."

அவர் சொன்ன இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கம்பி அறுந்திருக்கவில்லை, ஆனால் கடுகளவு தடித்து, முடிச்சு விழுந்தது போல இருந்தது. மூன்று முடிச்சுகள். மூன்றும் நான் தாளைத் திரும்பிப் பார்த்த இடங்கள். பொடிக் கம்பி அதையெல்லாம் பதித்து வைத்துக்கொள்கிறது.

மார்கழி 10

காலையில் சீக்கிரமே கீழே போய் அக்கா போடுவதைப் பார்த்தேன். ஏழு புள்ளி நேர்ப்புள்ளி. வாசல் தெளித்து, இடுப்பை வளைத்து நின்றபடியே புள்ளி வைத்தார். அளவுகோல் வைத்தது போல விழுந்தன. ஆனால் கோலம் வாசலுக்கு நடுவில் இல்லை. ஒரு முழம் இடப்பக்கம் தள்ளியிருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கோலத்தைத் தாண்டித்தான் போய் வருகிறேன்; இதைக் கவனித்ததே இல்லை.

கேட்டேன். "கீழ்வீட்டுப் பெரியவரு வாக்கர் வச்சு வர்றாருல்லங்க. பொடி மேல சக்கரம் வழுக்கீரும்."

போன ஆடி மாதம் அவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து கோலம் தள்ளிப் போயிருக்கிறது. வாக்கர் வரும் ஓரத்தில் வளைவுகளையும் குறுக்கிக்கொள்கிறார். மற்ற மூன்று பக்கத்தில் அகலமாக விடுகிறார். நாலு பக்கமும் ஒன்றாக வேண்டும் என்ற என் சல்லடையில் இந்தக் கோலம் முதலிலேயே கழிந்து போயிருக்கும்.

படியேறி வரும்போது மருமகனின் கேள்விதான் மனசில் ஓடியது. யார் செஞ்சா என்ன? பெரியவர் காலையில் ஏழு மணிக்குப் பேப்பர் எடுக்க வெளியே வருகிறார். அவருக்காக ஒருவர் ஐந்தரை மணிக்கே யோசித்துவிட்டார். அது தெரிந்த பிறகு அந்தக் கோலம் என் கண்ணுக்கு வேறாகத் தெரிகிறது. கம்பி அதேதான், பொடி அதேதான். பனித்துளி விழுந்த சிலந்தி வலையும் அழகுதான். அதில் யாரும் என்னை நினைக்கவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்வதில்லை. ஆனால் மனிதர் கையிலிருந்து வருவதை நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டுக்கொண்டேதான் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு மறுபக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

இதையே ஊரறியக் காட்டிய சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2019 டிசம்பர் கடைசியில் சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று எழுதிக் கோலம் போட்ட சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டது. அந்தச் சட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்தும் இருக்கட்டும். தரையில் இருந்தது என்னவோ பொடிதான். போட்டவர்கள் சொல்ல வந்ததை எல்லாரும் படித்தார்கள், பிடித்தவர்கள் உட்பட.

மார்கழி 11 முதல் 16 வரை

தினமும் ஏழு புள்ளி. 14-ஆம் தேதி முதன்முறையாக எங்கேயும் அறாமல் வந்தது. தாள் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மார்கழி 17

இன்று கோலம் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி ராத்திரி தவறிப்போனார்கள். அக்கா கீழ்வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததோடு நிறுத்திவிட்டார். நானும் போடவில்லை. ஈரத் தரையைப் பார்த்ததுமே வருகிறவர்களுக்குத் தெரிந்தது. யாரும் வாட்ச்மேனிடம் விசாரிக்கவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு படியேறினார்கள்.

2021-இல் என் மாமனார் இறந்தபோது எங்கள் வாசலில் ஸ்டிக்கர் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, நடுவில் தாமரை. அன்றைக்கும் அது அப்படியே சிரித்துக்கொண்டு கிடந்தது. எதிர்வீட்டு அம்மா எதுவும் பேசாமல் ஒரு செய்தித்தாளை விரித்து அதை மூடினார். காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் செங்கல் ஒன்றையும் வைத்தார். இத்தனை வருஷம் கழித்து அந்தச் செய்தித்தாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. என் நிரலும் 65,536 கோலம் போடும். ஒரு நாள் போடாமல் இருக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. நான்தான் நிறுத்த வேண்டும்.

மார்கழி 22

அரிசி மாவுக்கு மாறினேன். எறும்பு வரும் என்று வீட்டில் முணுமுணுப்பு. எறும்புக்கும் சேர்த்துத்தானே என்றேன். மாவு பொடியைவிட லேசு, காற்றில் பறக்கிறது. கை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பார்த்தபோது வடக்கு மூலை வளைவை எறும்புகள் பாதி காலி செய்திருந்தன.

தை 1

அண்ணன் குடும்பம் நேற்றே வந்துவிட்டது. ஐந்து மணிக்கு மருமகனை எழுப்பினேன். நிரலைக் காட்டினேன், கணக்கு அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 65,536, பதினாறு, இரண்டு. மிஞ்சிய இரண்டு காற்றாடிகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதைப் போடலாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தை?"

"ஒண்ணுதான். ஆனா ஒண்ணைத்தான் போட முடியும்."

எழுந்து போய் வாசலில் நின்றான். லிஃப்ட் பக்கம் நடந்து போய், அங்கிருந்து திரும்பி வந்தான். மறுபடியும் போனான். "லிஃப்ட்லேருந்து வர்றவங்களுக்கு இடது பக்கம் சுத்தறதுதான் கதவுப் பக்கம் கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். வலது பக்கம் சுத்தினா படிக்கட்டுக்குத் தள்ளிவிடற மாதிரி இருக்கும்" என்றான்.

நான் நின்று பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

புள்ளி நான் வைத்தேன். கம்பி முழுக்க அவன் இழுத்தான். மூன்றாவது கையில் ஓரிடத்தில் வெட்ட வேண்டியதை வெட்டாமல் திருப்பிவிட்டான். முனைகள் சேர்ந்துகொண்டன, ஆனால் மூன்று புள்ளிகள் வெளியே நின்றுவிட்டன. அப்படியே இருக்கட்டும், மாவு தீர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். அவன் கேட்கவில்லை. ஈரத்துணி எடுத்து முழுவதையும் துடைத்துவிட்டு, காயும் வரை குந்தியபடியே காத்திருந்து முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இரண்டாம் முறை முப்பத்தைந்து நிமிடம். பால் பொங்கியபோதும் அவன் வாசலில்தான் இருந்தான்.