இடக்கை மட்டைகள்

2025 செப்டம்பர் 20, சனி

40 தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று இரவு வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. இன்று ஒழுங்காகக் குறித்து வைக்கிறேன்.

இந்த வீட்டில் முழுச் சமமான இடம் அடுப்பங்கரை மேடைக் கல் ஒன்றுதான். அப்பாவின் பழைய மர டென்னிஸ் மட்டையை, டன்லப் மாக்ஸ்ப்ளை ஃபோர்ட்டை, அதன்மேல் படுக்க வைத்தால் தலையின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடுக்கில் ஏ4 தாளை ஒவ்வொன்றாகச் செருகினேன். 40 தாள் போன பிறகுதான் இறுகியது. நாலு மில்லிமீட்டர்.

காரணம் நான்தான். மட்டை வளையாமல் இறுக்கி வைக்கும் மரப் பிரஸ்ஸின் நான்கு மூலைகளில் மூன்றில்தான் விங் நட் (கையாலேயே திருகும் நட்) இருக்கிறது. நாலாவது எப்போது கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை. மூன்று மூலை இறுக்கிப் பிடிக்க, ஒரு மூலை சும்மா கிடக்க, கோத்த நரம்பு உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க, மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டி வளைத்துச் செய்த தலை வேறு என்ன செய்யும்? விட்ட பக்கம் போய்விட்டது. பினாங்கு ஈரக்காற்றில் அதற்கு ஒரு மழைக்காலம் போதும். வீடு மாறுவதற்காகப் பீரோ மேலிருந்து இறக்கியதால் கண்ணில் பட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

வீட்டுக்காரர் 10ஆம் தேதிக்குள் காலி பண்ணச் சொல்கிறார். புரட்டாசியில் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன், ஐப்பசி பிறக்கட்டும் என்கிறார் அம்மா. ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் சாவியோ இன்னும் வரவில்லை.

இரண்டு இரும்புக் கடை ஏறி இறங்கினேன். இப்போது கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் மரை. இந்தப் பிரஸ்ஸுக்கு அங்குல மரை. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் திருகினால் போல்ட்டின் மரையே போய்விடும்.

செப்டம்பர் 24, புதன்

40.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை ஏழரைக்கே லோரோங் கூலிட் சந்தைக்குப் போய்விட்டேன். மட்டை எதையும் வாங்க மாட்டேன், விங் நட் மட்டும்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தையல் மெஷின், கேசட், பழைய பீங்கான், செல்லாத காசு எல்லாம் தாண்டிக் கடைசி வரிசையில் ஒரு பக்சிக், வயதான மலாய்க்காரர், மைலோ டின் நிறையத் துருப்பிடித்த நட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போல்ட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் பக்கத்திலேயே குந்தி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். ஒன்று வழுக்கிக்கொண்டு கடைசிவரை இறங்கியது. அவர் காசு வேண்டாம் என்று கையசைத்தார். இரண்டு வெள்ளியை (ரிங்கிட்) டின்னுக்குள் போட்டுவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு ஸ்லாசெஞ்சர் மட்டை. நரம்பு பாதி அறுந்து, தலையில் கீறல். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கைப்பிடியைப் பார்த்தேன். தோல் பட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

கடையில் வாங்கும் மட்டையில் பட்டையின் சரிவு வலக்கைக்காரருக்குத் தோதாக இருக்கும். இடக்கைக்காரர் பிடித்து ஆடினால் அதன் விளிம்பு மெல்லக் கிளம்பும். அதனால் சிலர் பிரித்து மறுபக்கமாகச் சுற்றிக்கொள்வார்கள். அப்பாவின் மாக்ஸ்ப்ளையில் அப்படித்தான் இருக்கிறது. நான் இத்தனை வருஷமாகச் சந்தைகளில் தேடுவதும் அதைத்தான். பெயர், மாடல் எல்லாம் எனக்கு அப்புறம். முதலில் கைப்பிடி.

35 வெள்ளி என்றார், 25க்குத் தந்தார். இதோடு என் இடக்கை மட்டைகள் பத்து. மொத்தம் 38.

செப்டம்பர் 30, செவ்வாய்

38 தாள். (மட்டையும் 38தான். இது தாள் கணக்கு.) தூக்கிய ஓரத்தின்மேல் மட்டும் தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்து, நான்கு நட்டையும் எதிரெதிர் மூலையாகக் கால் சுற்று இறுக்குகிறேன். ஒரு நாளைக்குக் கால் சுற்றுதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வழக்கம்போல் அரிவாள்மனை, கார் சாவி, என் ஆபீஸ் மடிக்கணினி, அப்பாவின் மாக்ஸ்ப்ளை. அதன் பக்கத்தில் ஜாக் கிரேமர் என்ற இன்னொரு மட்டையையும் வைத்தேன். அது நிஜ நரம்பு போட்டது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நிஜ நரம்புன்னா?"

"மாட்டுக் குடல்ல இருந்து எடுக்கிறது."

அம்மா கற்பூரத்தைக் கீழே வைத்துவிட்டார். புரட்டாசி மாசம், சாமி ரூம், மாட்டுக் குடல். மிருதங்கத்துத் தோல் மட்டும் எங்கிருந்து வருகிறது, அதற்குப் பொட்டு வைப்பதில்லையா என்று கேட்டேன். "மிருதங்கம் சாமிக்கு வாசிக்கிறது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கிரேமர் வெளியே போயிற்று. அப்பாவுடையது நைலான், அதனால் தப்பியது. சந்தனத்தை மட்டையின் வார்னிஷில் வைக்க வேண்டாம், பிரஸ்ஸில் வையுங்கள் என்றேன். நான்கு விங் நட்டிலும் தனித்தனியாகக் குங்குமம் வைத்தார். புதிதாய் வந்ததற்குச் சற்றுப் பெரிய பொட்டு.

அக்டோபர் 3, வெள்ளி

இரவு முழுக்க மழை. 39. ஒரு தாள் திரும்பிவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

ஜார்ஜ்டவுனில் கஃபே திறக்கப் போகிற ஒருவர் வந்தார். சுவரில் மாட்ட 20 மட்டை வேண்டுமாம், ஒன்றுக்கு 60 வெள்ளி. 1200 வெள்ளி வந்தால் ஃபிளாட் டெபாசிட்டில் குறைகிற பணம் சரியாகிவிடும். தம்பி ஜொகூரிலிருந்து போன் பண்ணி, யோசிக்காமல் கொடு, புது வீட்டில் அம்மாவுக்குக் கட்டில் போடவே இடமில்லை என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

எப்படி மாட்டுவீர்கள் என்று கேட்டேன். கழுத்தில் ஆணி அடித்து, நரம்பை வெட்டிவிட்டு நடுவில் பல்பு தொங்கவிடுவதாம். அவர் தப்பான ஆள் இல்லை. ஆசையாகத்தான் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அக்டோபர் 6, திங்கள்

35. அட்டை வேலை செய்கிறது.

அக்டோபர் 8, புதன்

சாவி வந்துவிட்டது. 16ஆவது மாடி, மேற்கு பார்த்த ஜன்னல். மட்டைகளை எந்தச் சுவரில் வைத்தாலும் சாயங்கால வெயில் படும். வீட்டுக்காரரிடம் 18ஆம் தேதிவரை தவணை கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 11, சனி

31.

கொடுப்பதைப் பிரித்து வைக்க உட்கார்ந்தேன். பதினொன்று ஒதுக்கினேன். எல்லாம் வலக்கை. வில்சன் டி2000 மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கிறது. கஃபேக்காரர் முதலில் கேட்டதே அதைத்தான். பளபளப்பு.

பிரெஞ்சு ஆட்டக்காரர் லகோஸ்ட் யோசித்த வடிவம் அது. இரும்புக் குழாயில் துளை கிடையாது. குழாயைச் சுற்றி ஒரு கம்பி சுருண்டு ஓடும், அந்தச் சுருளின் வளையங்களில்தான் நரம்பைக் கோக்க வேண்டும். பந்து பட்டால் ஒரு உலோக அதிர்வு கைவரை வரும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம்மி கானர்ஸ் அதை வைத்தே வருஷக்கணக்கில் ஆடினார். 1981 விம்பிள்டன் காலிறுதியில் நம் விஜய் அமிர்தராஜ் 6-2, 7-5 என்று முதல் இரண்டு செட்டும் எடுத்துவிட்டார். அப்புறம் மூன்று செட்டும் கானர்ஸுக்குப் போயின. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அப்பாவுக்கு அதற்கு முன்பே இரண்டு காயம் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் 1960 விம்பிள்டனில் அரையிறுதிவரை போய் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார். 1961இல் மறுபடியும் அரையிறுதி, அந்தத் தடவை ராட் லேவரிடம். அப்போது அப்பா சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் துரைமார் கிளப்புக்குப் பந்து பொறுக்கும் பையன். தோட்டத்து எழுத்தரான கிராணி ஐயா பேப்பரை வாசித்துச் சொல்லித்தான் தெரியும். நாகர்கோவிலில் பிறந்த ஒரு தமிழர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்ற பெருமையும், போய்த் தோற்ற வருத்தமும் கடைசிவரை அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

ஃப்ரேசர், லேவர், கானர்ஸ். மூன்று பேருமே இடக்கை. அப்பாவும் இடக்கை. தோட்டத்துப் பள்ளியில் அந்தக் கையில் எழுதியதற்காகப் பிரம்படி வாங்கியவர், சாப்பிடும்போது அந்தக் கை வந்தால் பாட்டியிடம் குட்டு. பீச்சாங்கை என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்களாம். அந்தக் கையாலேயே லேவர் 1962இலும் 1969இலும், ஒரே வருஷத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார் என்றால் அப்பாவால் எப்படிக் கோபத்தோடு இருக்க முடியும்? லேவர் பிடித்ததும் மாக்ஸ்ப்ளைதான். ஊருக்குத் திரும்பிய துரை தன் பழைய மாக்ஸ்ப்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனபோது, அது கிருஷ்ணனைத் தோற்கடித்தவரின் மட்டை என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டார்.

டி2000ஐ வைத்துக்கொள்கிறேன். இரும்பு வளையாது, பிரஸ் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

கஃபேக்காரர் வந்து பதினொன்றையும் எடுத்துப் போனார். ஆணி வேண்டாம், கயிற்றில் தொங்கவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

இரவு அம்மா புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மாக்ஸ்ப்ளையின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாகச் சொன்னார்:

"அந்தத் தோலைச் சுத்தினது நான்தான்."

"எதை?"

"உங்கப்பாவுக்குச் சுத்த வராது. சுத்தினா நடுவுல மடிப்பு விழும். புதுத்தோல் வாங்கிட்டு வந்து என்கிட்ட குடுத்தாரு. கோந்து போட்டு ராத்திரியோட ராத்திரியா சுத்தினேன். நீ அப்ப வயித்துல."

"எந்தப் பக்கமாச் சுத்தணும்னு அப்பா சொன்னாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. என் கைக்கு எப்படி வந்திச்சோ அப்படிச் சுத்தினேன். என்ன இப்ப?"

ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தூங்கவில்லை. பத்து மட்டையையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எந்தக் கைப்பிடியை யார் சுற்றினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 15, புதன்

அப்பாவின் கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் கறுத்துக் குழிந்திருக்கிறது. பட்டையின் ஓரங்கள் ஒன்றோடொன்று மயிரிழை இடைவெளி கூட இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. பூக்கட்டினாலும் அம்மாவுக்கு அப்படித்தான், இரண்டு மொட்டுக்கு நடுவே நார் தெரியாது. இத்தனை வருஷம் அந்தக் குழியை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

29. 40இலிருந்து 29.

லாரியில் மட்டைகளை ஏற்ற விட மாட்டேன். நடுவெயிலில் மூடிய லாரிக்குள் அரை மணி நேரம் கிடந்தால் போதும், இத்தனை நாள் செய்ததெல்லாம் வீண். என் காரில் ஏர்கான் போட்டு, பின் சீட்டில் போர்வை விரித்து, இரண்டு நடையாகக் கொண்டுபோகிறேன்.

அக்டோபர் 18, சனி

பால் பொங்கியது. அம்மாவுக்குச் சந்தோஷம். லிஃப்டில் மாக்ஸ்ப்ளையை அவர்தான் பிரஸ்ஸோடு மார்பில் அணைத்தபடி 16ஆவது மாடிவரை வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வாங்கிக்கொண்டார்.

சாமான் எல்லாம் ஏறியதும் அடுப்பங்கரையில் அளந்தேன். 34. நெஞ்சு பதறிவிட்டது. மறுபடி வைத்தேன், 22. இடம் மாற்றி வைத்தேன், 37. இந்த மேடைக் கல் சமமில்லை. தரையும் பால்கனிப் பக்கம் லேசாகச் சரிகிறது. இந்த வீட்டில் எதன்மேல் வைத்து அளப்பது?

அக்டோபர் 19, ஞாயிறு

கண்ணாடிக் கடை மூடியிருந்தது. நாளை தீபாவளி, அதனால் செவ்வாய்க்கிழமைதான். இரண்டடிக்கு இரண்டடி, தடித்த கண்ணாடி.

விங் நட் நான்கையும் தொட்டுப் பார்த்தேன். குங்குமம் இன்னும் இருக்கிறது. இன்று கால் சுற்று இறுக்கவில்லை.